ஆறு கட்டுக் கம்பு

ஜனவரி 6

உருண்டை,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று விளையாட்டுச் சங்கத்து ஆபீசில் சொன்னார்கள். உன் வாயால் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு வாசலில் வண்டி வந்து நின்றபோது நான் உள்ளே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா, கெளம்பறேன்" என்று மூன்று தடவை சொன்னாய். மூன்றும் காதில் விழுந்தது. நாலாவது தடவை சொன்னால் திறந்துவிடலாம் என்று இருந்தேன். நீ மூன்றோடு நிறுத்திவிட்டாய். உனக்கும் ரோஷம், எனக்கும் ரோஷம்.

முந்தின நாள் சொன்னதை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. "இந்தக் கம்பத் தூக்கிட்டுப் போனா எனக்குப் பிள்ளையே இல்லைனு நெனச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் பேசுகிற பேச்சா அது? நாக்கை இழுத்து வைத்துச் சூடு போட வேண்டும்.

நான் மூணாம் கிளாஸோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. பட்டறையில் போன் இருக்கிறது. ஆனால் முதலாளி பக்கத்திலேயே நிற்பார். உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், அழுகிற சத்தம் கேட்டால் நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் என்றால் அழுதுகொண்டே எழுதலாம்.

பெரியவன் போய் பதினாலு மாசம் ஆகிறது. இன்னும் யாரையும் ஸ்டூல் மேல் ஏற விடுவதில்லை நான். நேற்று பட்டறையில் பல்பு போய்விட்டது. துணி வெட்டுகிற கத்தரிக்கார அக்கா மாற்ற ஏறினாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை நான். "ஏண்டி, பல்பு மாட்டக்கூட விடமாட்டியா? இனிமே இருட்டுலயே மெத்தை தைக்கலாங்கறியா?" என்று திட்டினாள். திட்டிவிட்டு இறங்கிவிட்டாள், பாவம். கடைசியில் மெத்தை ஏற்ற வந்த வண்டிக்காரர்தான் மாட்டினார். அந்த நேரம் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நீ போயிருப்பது கம்பு ஊன்றி உயரம் தாண்ட உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் வருகிற போட்டி, கூரை போட்ட மண்டபத்துக்குள்ளேயே நடக்குமாம். அது எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. கூரை இருக்கிறது என்றதும் எனக்குத் தோன்றினது ஒன்றுதான்: தலை இடிக்காதே? நான் இப்படித்தான், என்ன செய்ய.

எனக்கு ஒரு காரியம் செய். பெரியவன் உயரத்திலிருந்து விழுந்ததால் மட்டும் போகவில்லை. கம்பு நிமிராமல் பாதியில் நின்று, அவனை வந்த பக்கமே திருப்பித் தள்ளிவிட்டது. மெத்தைக்கு இந்தப் பக்கம், கம்பை ஊன்றுகிற அந்த இரும்புப் பெட்டி மேல் வந்து விழுந்தான். மெத்தை தைக்கிறவள் பிள்ளைக்கு ஒரு சாண் மெத்தை இல்லாமல் போனது. அதனால் அந்த ஊர் மண்டபத்தில் பெட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் எத்தனை சாண் இடைவெளி என்று உன் கையால் அளந்து எழுது.

ஆறு கட்டுக் கம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம். பிறகு எழுதுகிறேன்.

உன் அம்மா

*

ஜனவரி 15

அம்மா,

நாலாவது தடவை சொல்ல வாயெடுத்தேன். வண்டியிலிருந்து பயிற்சி மாஸ்டர் ஹாரன் அடித்தார். அவர் மேல் பழி போட்டுக்கொள்.

இங்கே எல்லாம் சௌக்கியம். வெளியே குளிர், உள்ளே வேக்காடு. நீ தைத்துக் கொடுத்த பதினேழு அடிப் பை லிப்டுக்குள் போகவில்லை. நானும் மாஸ்டரும் எங்களோடு வந்த மசாஜ்காரருமாக மாடிப்படி வழியே நாலு மாடி தூக்கினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பை சிக்கிக்கொண்டது. மேலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து பைக்கு அடியில் புகுந்து போனார். மாஸ்டர் அவரிடம் "பொணம் இல்லம்மா, கம்புதான்" என்று நம் பாஷையில் சொன்னார். அவருக்குப் புரியாததால் தப்பித்தோம்.

நீ கேட்டபடி அளந்தேன். முட்டிபோட்டு சாண் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நடுவர் ஓடி வந்து ஏதோ கேட்டார். அளக்கிறேன் என்று கையால் காட்டினேன். அவர் பையிலிருந்து டேப் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம், எங்கள் அம்மா சாணில்தான் கேட்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஒரு சாணுக்கும் குறைவு, அம்மா. பெட்டியைச் சுற்றிப் பஞ்சு வைத்த வளையமும் இருக்கிறது. தைத்தவர் யாரோ, தையல் நெருக்கமாக இருந்தது. உனக்குப் பிடிக்கும்.

ஓடுகிற பாதை தரையில் இல்லை. பலகை அடித்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஓடினால் தடதடவென்று மண்டபம் முழுக்கக் கேட்கும். முதல் நாள் என் கால் சத்தம் என்னையே துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் மாஸ்டரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேறு நாட்டுக்காரன் ஒருவன் எங்களோடு பயிற்சி எடுக்கிறான். பனைமரம். நெட்டையன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. அதனால் நன்றாகப் பேசிக்கொள்கிறோம். நம் கம்புகளின் தலையில் நீ சுற்றிய நூலைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டான். எண் ஒட்டின காகிதம் எல்லாம் உரிந்துபோன பழைய கம்புகள், அதனால் ஒரு கட்டு நூல் என்றால் ரொம்ப மெத்து, ஆறு கட்டு என்றால் ரொம்ப விறைப்பு என்று விரல் விட்டுக் காட்டினேன். நூல் சுற்றியது யார் என்று கேட்டான். 'அம்மா' என்றேன். அந்த வார்த்தை அவனுக்கும் புரிந்தது.

அஞ்சு கட்டு வரைக்கும் எடுத்துத் தாண்டுகிறேன். ஆறு கட்டை இன்னும் பையிலிருந்து உருவவே இல்லை. விறைப்பான கம்பு போட்டி வேகத்துக்குத்தான் வளையும், பயிற்சியில் எடுத்துப் பயனில்லை என்று மாஸ்டரிடம் காரணம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதைப் பற்றி என்ன சொல்ல வந்தாய்?

சின்னவன்

*

ஜனவரி 24

உருண்டை,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சாண் அளந்ததை மட்டும் பத்து தடவை. கத்தரிக்கார அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். பொணம் இல்லம்மா என்கிற இடத்தில் அவள் சிரித்தாள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உன் மாஸ்டர் வாயில் நல்ல வார்த்தையே வராதா?

நீ பழகிவிட்டது என்று எழுதின இடத்தில் பேனா அழுத்தி இருக்கிறது. காகிதத்துக்குப் பின்பக்கம் விரலை வைத்துப் பார்த்தேன், புடைத்திருக்கிறது. துணியில் கை வைத்தாலே ஊசி எங்கே இழுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறவள் நான். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. நான்தானே படிக்கப் போகிறேன்.

பட்டறைப் போன் அடித்தால் என் கால் தானாக மெஷினை மிதிப்பதை நிறுத்திவிடுகிறது. பெரியவன் செய்தி அந்தப் போனில்தான் வந்தது. முதலாளி எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் பேசினால்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை இந்தப் பாடு.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. விறைப்பான கம்பு பெரியவனைத் திருப்பித் தள்ளியது. அப்படியானால் கடைசிக் கம்பு விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் மெத்தாக இருந்தால் நல்லதுதானே? கொஞ்சம் உயரம் குறையும், அவ்வளவுதானே? எங்கள் தொழிலில் மெத்தென்று இருப்பதுதான் ஆளைத் தாங்கும். கட்டை மாதிரி இருக்கிற மெத்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைக் கேட்கிற அவசியம் ஒன்றும் இல்லை. சும்மாதான். ஆனால் அடுத்த கடிதத்தில் பதில் எழுது. மறக்காமல் எழுது.

கத்தரிக்கார அக்கா நேற்று என்னைக் கேட்டாள், "நீ என்னத்தையோ பண்ணிட்டு முழிக்கறே. திருடினவளுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கே" என்று. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள்.

அம்மா

*

பிப்ரவரி 2

அம்மா,

மெத்தை வேறு, கம்பு வேறு. மெத்தை கீழே இருந்து தாங்குகிற சமாச்சாரம். கம்பு தூக்கி எறிகிற சமாச்சாரம். ஆளின் எடைக்கும் ஓட்டத்துக்கும் மெத்தான கம்பை எடுத்தால் அதைவிட ஆபத்து வேறு இல்லை.

போன சனிக்கிழமை இங்கே ஒரு சின்னப் போட்டி நடந்தது. ஒருவன் அவசரத்தில் தன் கம்புக்குப் பதில் பக்கத்தில் இருந்த மெலிசான கம்பை எடுத்துவிட்டான். ஓடினான், ஊன்றினான். வில் மாதிரி வளைந்தது. வளைந்துகொண்டே போனது. பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மூன்று துண்டு. ஒரு துண்டு கூரை விளக்குவரை போனது. அவன் பக்கவாட்டில் பறந்து மெத்தை ஓரத்தில் இடுப்பு பட விழுந்தான். இன்னும் ஒரு முழம் தள்ளி என்றால் சிமெண்ட் தரை. உள்ளங்கை கிழிந்து பதினோரு தையல். முறியாவிட்டாலும் ஆபத்துதான், ஆளைத் தூக்கி மெத்தைக்கு அப்பால் எறிந்துவிடும். விறைப்புக் கம்பு ஏமாற்றினால் பாதி வழியிலேயே தெரிந்துவிடும், கையை விட்டுவிட்டு இறங்கலாம். மெத்தான கம்பு சொல்லிவிட்டுச் செய்யாது. போதுமா பதில்?

பயமாக இருந்தால் எழுது என்றாய். எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி.

மேலே சொன்னேன் அல்லவா, விறைப்புக் கம்பு ஏமாற்றினால் தெரியும், கையை விடலாம் என்று. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவனுக்குக் காலில் வலி, ஓட்டத்தில் வேகம் இல்லை. அஞ்சு கட்டு போதும் என்றான். நான்தான், "பயந்தாங்கொள்ளி, அஞ்சு கட்டோடயே குடும்பம் நடத்து" என்றேன். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆறு கட்டை உருவினான். கம்பு நிமிராது என்று தெரிந்தும் கையை விடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விடு விடு என்று கத்த நேரம் இருந்தது. கத்தவில்லை. கடைசியில் தாண்டிவிடுவான் என்று நினைத்தேன்.

பதினாலு மாசமாக மாஸ்டரைத் திட்டுகிறாய். அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் உன் திட்டை வாங்கிக்கொள்கிறார்.

அந்த ஆறு கட்டில் ஒரு தடவையாவது நான் குறுக்கே வைத்த பாருக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். மெடலுக்கு இல்லை. அதை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. பிடி வழுக்காமல் இருக்கச் சுண்ணாம்புப் பொடி எவ்வளவு பூசினாலும் வேர்க்கிறது. பையைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் மற்றக் கம்புகளை எடுக்கிறேன்.

போட்டி மார்ச் 1, காலை பதினோரு மணி, இந்த ஊர் நேரம்.

சின்னவன்

*

பிப்ரவரி 10

ஆறு கட்டை எடுக்காதே. முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படி. ஆறு கட்டை எடுக்காதே.

உன் பையில் இருப்பது அந்தக் கம்பு இல்லை. நான் மாற்றிவிட்டேன்.

பை தைக்க அளவு வேண்டும் என்று கம்புகளைப் பட்டறைக்குத் தூக்கி வரச் சொன்னேனே, அப்போதுதான். பெரியவன் விழுந்த கம்பை நீயும் பிடிக்கப் போகிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சங்கத்துக் கிடங்கில் காவல்காரரிடம் போய் அதே நீளத்தில், அதே மஞ்சளில் ஒரு பழைய கம்பு கேட்டேன். துணி காயப்போட என்று சொன்னேன். "பதினாறு அடிக்குக் கம்பா? யானைக்கு வேட்டி தொவைக்கறியாம்மா?" என்றார். பிறகு அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஒல்லியா ஒருத்தன் இருந்தானே, அவன் தாண்டினது. இப்ப யாருக்கும் ஆகாது, வாழைத்தண்டு மாதிரி வளையும்" என்றார். வளையும் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன், உருண்டை. இதுதான் என் பிள்ளைக்கு ஏற்ற கம்பு என்று நினைத்தேன்.

அந்தக் கம்பின் தலையில் ஆறு கட்டு நூல் சுற்றினேன். மற்றக் கம்புகளில் சுற்றின அதே நூல், அதே முடிச்சு. என் கை வேலையை நீ சந்தேகப்பட மாட்டாய் என்று தெரிந்தே சுற்றினேன். உண்மையான ஆறு கட்டு இங்கே, துணி வெட்டுகிற நீள மேஜைக்கு அடியில் கிடக்கிறது. தினமும் அதன் மேல் கால் படாமல் உட்கார்ந்து தைக்கிறேன்.

உன் கடிதத்தில் துப்பாக்கி மாதிரி சத்தம் என்று படித்த இடத்தில் மெஷின் ஊசி என் விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் வந்தது கூடத் தெரியவில்லை, அக்கா பார்த்துச் சொன்னாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலில போன ஓணான எடுத்து மடில விட்டுக்கிட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே என்னைக் கையைப் பிடித்துச் சங்கத்து ஆபீசுக்கு இழுத்துப் போனாள்.

அங்கே மேனேஜர் நீ தங்கியிருக்கிற இடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஒரு பெண் எடுத்தாள். அவள் பேசினது எனக்குப் புரியவில்லை. "கம்பு, ஆறு கட்டு, எடுக்கக் கூடாது" என்று நான் கத்தினேன். அவள் வைத்துவிட்டாள். மறுபடி போடுங்கள் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "கம்பு மாறிப்போச்சா? அதெல்லாம் மாஸ்டர் பாத்துப்பார்மா. இது என்ன, கல்யாணத்துல செருப்பு மாறின கதையா?" என்றார். ஒரு தாளில் எழுதி அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தாளின் மேல் டீ கிளாஸை வைத்ததை நான் பார்த்தேன்.

அதனால் இந்தக் கடிதம்தான். அவசரத் தபால் என்று முத்திரை குத்தச் சொன்னேன். எட்டு நாள் ஆகும் என்கிறார்கள். கைவிரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

நீ அண்ணனைப் பற்றி எழுதினதைப் படித்தேன். உன் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். அன்றைக்குக் காலையில் கால் வலிக்கிறது என்று அவன் என்னிடமும் சொன்னான். "எண்ணெயத் தேச்சுக்கிட்டுப் போடா, சாக்குச் சொல்லாம" என்று அனுப்பி வைத்தவள் நான். நீ சொன்னதை நீ எழுதிவிட்டாய். நான் சொன்னதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். இல்லை, சொல்லாதே, வந்தால் நானே கேட்கிறேன்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது. எடுக்காதே.

அம்மா

*

பிப்ரவரி 20

அம்மா,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ஆபீஸ் மேனேஜரிடமிருந்து ஒரு தாளும் வரவில்லை.

படித்ததும் பையைத் திறந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமல் ஆறு வாரம் ஓட்டினவன், நேற்றுத்தான் முதன்முறையாக அதை உருவினேன். உன் நூலைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டு அறையில் இரண்டு மேஜைகளைத் தள்ளிப் போட்டு, கம்பின் இரண்டு முனைகளையும் அவற்றின் மேல் வைத்து, நடுவில் மசாஜ்காரரின் இரும்புப் பெட்டியைத் தொங்கவிட்டோம். அஞ்சு கட்டு ஒரு சாண் தாழ்ந்தது. உன் ஆறு கட்டு ஒரு முழம் தாழ்ந்தது. மாஸ்டர் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மசாஜ்காரர்தான், "தம்பி, இதுல நீ ஏறியிருந்தா நான் ஊருக்குத் தனியாத்தான் போயிருக்கணும்" என்றார்.

முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அண்ணன் பிடித்த கம்பு இங்கே இல்லை, நான் அதைப் பிடிக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. நேற்று மத்தியானம் குழந்தை மாதிரி தூங்கினேன். எழுந்த பிறகுதான் கோபம் வந்தது.

நான் என்ன செய்ய வந்தேன் என்று உனக்குத் தெரியாது, சரி. ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஓடும்போது என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான், அம்மா. கம்பின் தலையில் இருக்கிற நூலை நான் திரும்பி எண்ணிப் பார்த்ததே இல்லை. தடவிப் பார்ப்பேன், போதும். இப்போது அஞ்சு கட்டைத் தடவினாலும் இது அஞ்சுதானா என்று தோன்றுகிறது. நாலைத் தடவினால் நாலுதானா என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் மேஜையில் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாகிவிட்டது, மற்ற அஞ்சும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் தோன்றுகிறது. அதை எப்படி எடுத்துவிடுவாய்?

இன்னும் கடுமையாக ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

பார் அஞ்சு மீட்டர் அறுபதுவரை அஞ்சு கட்டு போதும். அதற்கு மேல் போனால் என்னிடம் கம்பு இல்லை. மேஜைக் கூத்தை நெட்டையன் பார்த்துக்கொண்டு நின்றான். இன்றைக்குக் காலையில் அவன் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து என் படுக்கைக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனான். எனக்கு எதிராகத் தாண்டப் போகிறவன், கேட்காமலேயே கொடுக்கிறான். அவன் என்னைவிட எட்டுக் கிலோ கூடுதல். அவன் கம்பு நம் ஆறு கட்டைவிட விறைப்பு. பிடிக்கிற இடம் நம்முடையதைவிட ஒரு கை மேலே. அதில் நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை, ஏறிப் பார்க்கவும் மாஸ்டர் விடவில்லை. "அஞ்சோட நிறுத்து. அறுபதத் தாண்டினாலே போதும், தெம்பா ஊருக்குப் போலாம். உங்கம்மாவுக்கு நான் இன்னொரு தடவை பதில் சொல்ல முடியாதுப்பா" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. திரும்பிக்கொண்டார், அதனால் இன்னும் பார்க்கவில்லை.

எடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. பலகையில் ஓட நிற்கும்போதுதான் தெரியும். பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நீ எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னதை அண்ணன் என்னிடம் சொன்னான். அம்மா திட்டினாள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதை நீ தூக்கிச் சுமக்காதே.

சின்னவன்

*

மார்ச் 1

உருண்டை,

உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம் வந்தது. தபால்காரர் படியேறும்போதே நான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அங்கே காலை பதினோரு மணி என்றால் இங்கே மூன்றரை என்று அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள். படித்து முடித்தபோது மூன்று மணி. இனிமேல் நான் என்ன எழுதினாலும் உனக்கு எட்டாது என்று தெரியும். கை சும்மா இருக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெட்டுகிற மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இன்றைக்குத் துணி வெட்டவில்லை, எனக்காக மேஜையை விட்டுக் கொடுத்துவிட்டாள். "அடில கெடக்கற சனியன ரெண்டா அறுத்துப் போட்டுட்டா உனக்கு மனசு ஆறுமாடி? சொல்லு, ரம்பம் கொண்டாறேன்" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது இப்போது யாரையும் ஒன்றும் செய்யாது. அதை நீ எடுத்துப் போயிருந்தாலாவது உனக்குத் தெரிந்த கம்பு. அதைத் தடுக்கிறேன் என்று போய், ஊர் பேர் தெரியாத கம்பை உன் படுக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து சாத்தினவள் நான்தான். அந்த நெட்டைப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல மனசோடு கொடுத்தவன் மேல் கோபம் வருகிறது, பார்.

நூலைத் தடவினாலும் சந்தேகம் வருகிறது என்று எழுதினாயே. தையலைப் பிரிக்கலாம். ஆனால் பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும். நான் தொழில்காரி, எனக்குத் தெரியாதா. பொறுத்துக்கொள் என்று கேட்கத்தான் முடியும்.

மூன்று இருபது. காலையிலேயே சங்கத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். செய்தி நாளைக் காலைப் பேப்பரில்தான் வரும் என்கிறார் மேனேஜர். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. எனக்கு நாற்காலி போட்டார். அவர் நாற்காலி போட்டதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. உட்காராமல் வந்துவிட்டேன்.

மூன்றரை. கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். முதலில் பார் தாழ இருக்கும். மூன்று கட்டு, நாலு கட்டு. அதில் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் கேட்கிறதா இந்த மனசு.

போன் அடித்தது.

முதலாளி எடுத்தார். ஹலோ என்றார். என் பக்கம் திரும்பினார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "ரெட்டைக் கட்டில் மெத்தை ஒண்ணு, நாளைக்குள்ள முடியுமானு கேக்கறாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். எழுத்து இப்படிக் கோணுவது அதனால்தான்.

அந்தப் பெரிய கம்பை எடுக்காதே என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. போன தடவை நான் வேண்டாம் என்று நினைத்ததால் என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது. எடு என்று எழுதவும் கை வரவில்லை, பெற்றவளுக்கு அது வராது. எடுத்தால் கெட்டியாகப் பிடி. நிமிரவில்லை என்று தெரிந்தால் விட்டுவிடு. யார் சிரித்தாலும் விட்டுவிடு. உன் அண்ணனுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்காதே, அவன் கேட்கவில்லை. இதை நான் வாசலில் சொல்லியிருக்க வேண்டும். கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு நாலாவது தடவைக்குக் காத்திருந்தேன்.

நாலே கால். இந்நேரம் பார் மேலே போயிருக்கும். பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் உன் பக்கத்தில் நிற்கிறாரா, தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாரா? அக்கா என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஓடியிருப்பானாடி?" என்று கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் காகிதம் உன்னிடம் வர எட்டு நாள் ஆகும். அதற்குள் நீ கிளம்பிவிடுவாய், இல்லை உன்னைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. எந்தக் கம்பு என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். இப்போதே, இந்த நிமிஷமே தெரிய வேண்டும் எனக்கு.

பாருக்கு எந்தப் பக்கம் இறங்கினாய், உருண்டை?